மாயர்களின் வானத்தைக் கணக்கோடு காட்டுங்கள்: கோளரங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோளரங்க இயக்குநர்களுக்கும் காட்சி அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிகளின் பழங்குடிகளான மாயர்களைப் பற்றிய காட்சிகள் பலவும் 2012 டிசம்பர் 21-இல் உலகம் அழியும் என்று அவர்கள் கணித்ததாகப் பரவிய வதந்தியையே சுற்றிவருகின்றன. அந்த நாளில் நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணிவரும் அவர்களுடைய நெடுங்கணக்கு நாட்காட்டியில் 1,44,000 நாள் கொண்ட 13-ஆம் சுற்று நிறைவுற்றது, அவ்வளவே. பலெங்கே என்ற மாய நகரின் கல்வெட்டு ஒன்று கி.பி. 4772-இல் வரும் நாளையும் குறிப்பிடுகிறது.

நான் வேண்டுவது, ஜெர்மனியின் டிரெஸ்டன் நூலகத்தில் உள்ள, மரப்பட்டைத் தாளில் எழுதப்பட்ட மாயச் சுவடியில் வெள்ளிக் கோளின் தோற்றத்தையும் மறைவையும் கணிக்கும் அட்டவணைக்கு உங்கள் அரங்கில் இடம் தர வேண்டும் என்பதே. வெள்ளி ஒருமுறை விடிவெள்ளியாக முளைத்து, மறைந்து, அந்தியில் தோன்றி, மீண்டும் விடிவெள்ளியாக முளைப்பதற்கு 584 நாள் என்று அது கொள்கிறது; இன்றைய அளவீட்டில் சராசரி 583.92 நாள். அந்த 584-ஐக் காலைத் தோற்றம் 236, மறைவு 90, மாலைத் தோற்றம் 250, மறைவு 8 எனப் பிரித்திருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் வெள்ளி ஏறத்தாழச் சம காலமே தெரியும் என்பதால் முதல் மூன்று எண்களும் வானத்தோடு சரியாகப் பொருந்துவதில்லை; இதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் விடியலில் முளைப்பதற்கு முந்தைய அந்த 8 நாள் மறைவு வானத்தோடு ஒத்துப்போகிறது.

என்னை நெகிழவைப்பது அவர்கள் செய்த திருத்தம். இத்தகைய 65 வெள்ளிச் சுற்றுகளில், அதாவது 37,960 நாளில், கணக்கு வானத்தைவிட ஏறத்தாழ 5 நாள் பிந்திவிடும். ஒருவர் ஆயுளுக்குள் முழுதாகப் பார்த்துவிட முடியாத அந்தப் பிழையைத் தலைமுறைகளாகக் கவனித்து, அட்டவணையை முன்கூட்டியே தொடங்குவதற்கான எண்களையும் அதே சுவடியில் எழுதிவைத்தார்கள். அதே சுவடியிலுள்ள கிரகண அட்டவணையும் இதற்குக் குறைந்ததல்ல: 405 நிலவு மாதங்களை 11,960 நாளாகக் கொண்டதில் பிழை 3 மணி நேரத்துக்கும் குறைவு.

ஐந்து வெள்ளிச் சுற்றுகள் 2,920 நாள். 365 நாள் கொண்ட எட்டு ஆண்டுகளும் அதே 2,920. இதைக் கண்முன் காட்டக் கோளரங்கத்தைவிடப் பொருத்தமான இடம் எது? மாய நகரான சிச்சென் இட்சாவின் கீழ்வானத்தில் எட்டு ஆண்டுகளைச் சில நிமிடங்களில் ஓடவிட்டு, விடிவெள்ளி முளைக்கும் ஐந்து காலைகளிலும் ஒரு கணம் நிறுத்தி, நாள் எண்ணிக்கையை அருகில் காட்டுங்கள்.

1562-இல் மெக்சிகோவின் மனி நகரில் ஸ்பானியப் பாதிரியார் டியேகோ டி லாண்டா மாய நூல்களை எரித்ததையும் சொல்லுங்கள். இன்று எஞ்சியிருப்பவை நான்கே சுவடிகள். மாயர்கள் மறைந்துபோனதாக மட்டும் சொல்லவேண்டாம்: குவாத்தமாலா மலைநாட்டில் நாள் எண்ணுவோர் மாயர்களின் 260 நாள் சடங்கு நாட்காட்டியை இன்றும் எண்ணிவருகிறார்கள்.

அன்புடன்,
கோளரங்கப் பார்வையாளர் ஒருவர்