சீட்டுக் கொப்பி

கல்லடி, மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜுக்கு மூன்று கிழமையாகப் பதில் போடவில்லை. பேசி அனுப்பலாம் என்று போனை எடுத்தால் வீட்டில் மிக்சி ஓடும், இல்லையென்றால் மகளின் சூம் டியூசன். அதனால் பழையபடி எழுத உட்கார்ந்துவிட்டேன். இங்கே சரியான வெக்கை. பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நடக்கப் போனாலும் காற்றில்லை, வாவி தகடு மாதிரிக் கிடக்கிறது. அம்மா சுகம், முழங்கால் மட்டும்தான் பிரச்சினை. உன் அம்மாவுக்கு ஸ்காபரோ குளிர் ஒத்துக்கொள்கிறதா?

சரி, நீ கேட்டதுக்கு வாறன். "தகவல் பாதுகாப்பு முகாமைத்துவம் என்று கம்பஸ் பிள்ளைகளுக்கு என்னடா படிப்பிக்கிறாய்? வேலைக்கே போகாத பிள்ளைக்கு ஆடிட் எப்படி விளங்கும்?" என்று சிரித்தாயே. போன வருடம் வரைக்கும் எனக்கே அது விளங்கவில்லை.

முதல் வகுப்பில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். இம்முறை அக்கரைப்பற்றுப் பொடியன் ஒருவன் கேட்டான்: "சேர், வைஃபை பாஸ்வேர்ட் உடைக்கிறது எத்தினையாவது கிழமையில வரும்?" வராது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பிறகு தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 27001இன் 2022 பதிப்பைக் காட்டினேன். நீ படித்த காலத்தில் 114 கட்டுப்பாடுகள், இப்போது 93. அதில் தொழில்நுட்பம் 34தான். 37 நிறுவன நடைமுறை, 14 பௌதிகப் பாதுகாப்பு, 8 ஆட்களைப் பற்றியது. "அப்ப சேர், இது மனேஜ்மன்ட் பாடமா?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். பாடத்தின் பெயரிலேயே அது இருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை.

ரிஸ்க் ரெஜிஸ்டர், அதாவது என்னென்ன ஆபத்து வரலாம் என்ற பட்டியல், எழுதச் சொன்னால்தான் என் தலையிடி தொடங்கும். நடப்பதற்கான வாய்ப்பு 5, பாதிப்பு 5, பெருக்கினால் 25. எல்லா வரியும் சிவப்பு. சேர்வரில் தீப்பிடிப்பதும் 25, கிளார்க் லீவு எடுப்பதும் 25. 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் எல்லா வரிக்கும் 'ஐடி பிரிவு'. கற்பனையாக ஒரு வங்கியை வைத்துக்கொண்டு நாற்பது பக்கம் எழுதுவார்கள். எழுதுவார்கள் என்பதுகூடச் சரியில்லை, ஏஐ எழுதிக் கொடுக்கும். ஃபயர்வோல் பற்றி அவ்வளவு அழகான பந்திகளை நம்முடைய பிள்ளைகள் எழுதி நான் கண்டதில்லை.

அதனால் இந்த முறை வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம் என்றுவிட்டேன். உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் போங்கள், அவரிடம் இருக்கிற ஏதாவது ஒரு தகவலை எடுத்துக்கொள்ளுங்கள், செலவழிக்க 5,000 ரூபாய்தான் தருவேன், அதுக்குள் எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று சொல்லுங்கள் என்றேன். பலர் பாமசி, தேத்தண்ணிக்கடை என்று போனார்கள். ஒரு பிள்ளை தன் மாமி பிடிக்கிற சீட்டை எடுத்தாள்.

மச்சான், அந்த மூன்று பக்கத்தை உனக்கு அப்படியே அனுப்ப ஆசை. பிள்ளையிடம் கேட்காமல் அனுப்பக் கூடாது, சுருக்கமாகச் சொல்கிறேன். இருபது பேர், மாதம் பத்தாயிரம். கணக்கு முழுக்க ஒரு சீஆர் கொப்பியில், அந்தத் தடித்த மட்டைக் கொப்பி. அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே கொப்பி, சாவி மாமியின் இடுப்பில். ஆட்களின் பெயர் கொப்பியில் இல்லை. 'மூலை வீடு', 'ரீச்சர்', 'சின்னவ' என்றுதான் இருக்கும், யார் எவ்வளவு எடுத்தார் என்று வேறு யாரும் பார்த்து விளங்கக் கூடாதாம். காசு எடுத்தவர் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்க வேண்டும், வெட்டித் திருத்தினால் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து. மாதாமாதம் பக்கத்தைப் போட்டோ பிடித்து கட்டாரில் இருக்கிற மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இரகசியம், பிழையின்மை, தேவைப்படும்போது கையில் கிடைப்பது என்று நான் இரண்டு கிழமை போர்டில் எழுதிய மூன்றும் சேலைக்குக் கீழே கிடந்திருக்கிறது.

உடனே புல்லரித்துப் போகாதே. நானும் அந்த இடத்தில் கொஞ்சம் புல்லரித்தேன், பிள்ளை விடவில்லை. "மாமி, மார்ச் மாதப் பக்கத்தை அண்ணனிட்டக் கேட்டு எடுங்க, பாப்பம்" என்றிருக்கிறாள். மகன் தேடி அனுப்பினார். படம் மங்கல், தொகை இருக்கிற இடத்தில் மாமியின் பெருவிரல். அதற்கு முந்தின இரண்டு மாதம் அவர் போன் மாற்றியதில் போய்விட்டது. அன்றைக்கே மாமி விறாந்தை வெளிச்சத்தில் கொப்பியை விரித்து வைத்து ஆரம்பத்திலிருந்து எல்லாப் பக்கத்தையும் திரும்பப் பிடித்தாராம். நீங்கள் ஆடிட்டில் 'பேக்கப்பை ரிஸ்டோர் செய்து, திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா' என்று கேட்டால் பெரிய கம்பனிகளே முழிக்கும் என்று சொல்வாயே, அதே கேள்வி.

எனக்குப் பிடித்தது கடைசிப் பக்கம். பொறுப்பாளர் கட்டத்தில் மாமி சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: "கொப்பி துலைஞ்சா நான்தான் புள்ள கட்டணும், வேற ஆரு கட்டுற?" 5,000 ரூபாயில் அவள் செலவழித்தது 180 ரூபாய், இன்னொரு சீஆர் கொப்பிக்கு. மிச்சத்தைத் திருப்பித் தந்துவிட்டதாகக் கணக்கும் எழுதியிருந்தாள். நான் காசே கொடுக்கவில்லை, அது வேறு கதை.

ஆனால் நான் யோக்கியன் மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன். எனக்கு நடந்ததையும் கேள். செமஸ்டர் நடுவில் மார்க்ஸ் ஷீட்டை எங்கள் டிபார்ட்மென்ட் குழுவில் போடப் போய் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். ராத்திரி பத்தரை. பதினொரு நிமிடத்தில் அழித்தேன், அதுக்குள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ண முடியாது. அடுத்த நாள் வகுப்புக்குப் போகக் கால் வரவில்லை. பிறகு யோசித்தேன், இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? "நடந்தது இதுதான், செய்தவர் நான், அறிக்கை எழுதுங்கள்" என்றேன். முதலில் எல்லோரும் மரியாதைக்கு "சேர், பரவாயில்லை" என்றார்கள். ஒரு மணித்தியாலம் போனதும் மரியாதை குறைந்துவிட்டது, கேள்விகள் கூர்மையாகிவிட்டன. மார்க்ஸ் ஷீட்டில் தேசிய அடையாள அட்டை இலக்கம் என்னத்துக்கு என்று கேட்டார்கள். பதில் இல்லை. பதிவு லிஸ்டைக் கொப்பி பண்ணி அதில் மார்க்ஸ் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த இலக்கத்தைப் பார்த்தாலே பிறந்த வருடமும், அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் வந்துவிடும், பெண் என்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும். போதாததற்கு சில வங்கிகள் அனுப்பும் பிடிஎஃப் கூற்றுக்கு அதுதான் பாஸ்வேர்ட். தேவையில்லாத தரவை வைத்திருக்கக் கூடாது என்று 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நான்தான் போன கிழமை படிப்பித்தேன். இப்போது என் ஷீட்டில் பதிவு இலக்கமும் மார்க்ஸும் மட்டும்.

காப்புப்பிரதி பற்றிய வகுப்பில் 2023 ஓகஸ்ட் 26ஐச் சொன்னேன். அரச கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரான்சம்வேர் பிடித்து, மே 17இலிருந்து அன்றுவரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பி வராமல் போனதே, ஏறத்தாழ 5,000 முகவரிகள். இணைப்பிலிருந்த பேக்கப்பும் சேர்ந்து போய்விட்டது, அந்த மூன்று மாதத்துச் சொச்சத்துக்கு, வெளியே எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அம்மாவின் பை ஞாபகம் வந்தது.

உனக்கும் ஞாபகம் இருக்கும், உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. 90இல் இடம்பெயர்ந்தபோது அம்மா தூக்கியது அந்த நீலப் பை ஒன்றைத்தான். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, காணி உறுதி, என் ஐந்தாம் ஆண்டு ரிப்போர்ட். சோற்றுப் பானை வேண்டாம், பை போதும் என்று நடந்தா. போட்டோக்கொப்பி ஒரு செட் எடுத்து சின்னம்மா வீட்டிலும் கொடுத்து வைத்திருந்தா. எல்லாம் சரி. சின்னம்மா வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி, அதுவும் கடற்கரைப் பக்கம். 2004 டிசம்பர் 26 காலையில் பையும் போனது, செட்டும் போனது. அம்மா வருடக்கணக்கில் சண்டையைத்தான் யோசித்து வைத்திருந்தா, கடலை யோசிக்கவில்லை. மாவட்டச் செயலகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் எத்தனை நாள் அலைந்தோம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, பாதி நாள் நீயும் லைனில் நின்றாய். இதை வகுப்பில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பொத்துவில் பிள்ளை ஒருத்தி, "எங்கட உம்மாவும் அப்படித்தான் சேர்" என்றாள்.

இப்போது அம்மாவின் மூன்றாவது செட் வாவிக்கு அக்கரையில், வவுணதீவில் மாமா வீட்டில் இருக்கிறது. போன ஞாயிறு போய் எடுத்துப் பார்த்தோம், கறையான் பிடிக்கவில்லை.

நவம்பரில் வருவதாகச் சொன்னாய். வகுப்புக்கு ஒரு நாள் வந்து பேசு. ஸ்லைட் வேண்டாம், கனடாவில் நீ பிடித்த பிழைகளைச் சொன்னால் போதும், பெயர் இல்லாமல். மழை தொடங்கியிருக்கும், சப்பாத்தை நம்பி வராதே.

இன்னொன்று. அந்தச் செட்டைப் பிரித்தபோது அதுக்குள் உங்கள் நாவலடிக் காணி உறுதியின் பிரதியும் இருந்தது. சுனாமிக்குப் பிறகு காணிப் பதிவகத்தில் எடுத்த கையோடு உன் அம்மா எங்கள் அம்மாவிடம் கொடுத்து வைத்ததாம், எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. தொடர்ந்து வைத்திருக்கவா, நீ வந்து வாங்கிப் போகிறாயா என்று அம்மா கேட்கிறா. உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்