எம்மெட் டில் நினைவிடத்து வாசகத்தில் கை வைக்காதீர்கள்

அமெரிக்க தேசியப் பூங்காத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2025-ல் உங்கள் பூங்காக்களில் ஓர் அறிவிப்பு வைத்தீர்கள்: அமெரிக்கர்களைக் குறைத்துப் பேசும் வாசகம் எதுவும் கண்ணில் பட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று. சரி, எம்மெட் டில், அவன் அம்மா மேமி ஆகியோரின் நினைவிடமும் 2023 முதல் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. அங்கே யாரை உயர்த்திப் பேசுவதாக உத்தேசம்?

ஜார்ஜியாவில் ஆண்பிள்ளை வளர்க்கிறவள் நான், அதனால்தான் கேட்கிறேன். எம்மெட்டுக்கு வயது 14. சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்கு வந்த கறுப்பினப் பையன். மளிகைக் கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் வாலாட்டினான் என்று சொல்லி, 1955 ஆகஸ்டில் ஓர் இரவு வீடு புகுந்து இழுத்துப்போய், அடித்து, சுட்டு, ஜின்னிங் மில்லின் இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் போட்டார்கள்.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உடல் சிகாகோ போனது. மேமி விடவில்லை. முகத்தில் முகமே இல்லை என்பதால் பாதத்திலிருந்து ஆரம்பித்து, கணுக்கால், முழங்கால் என்று மேலே மேலே பார்த்துத்தான் தன் பிள்ளை என்று உறுதி செய்தார், அப்புறம் ஊரே பார்க்கட்டும் என்று திறந்த பெட்டியிலேயே வைத்தார். மிசிசிப்பியின் சம்னர் ஊர் நீதிமன்றத்தில் கொலை வழக்கு நடந்தபோது ஷெரிஃப், அதாவது அந்த வட்டாரக் காவல் தலைவர், என்ன சொன்னார் தெரியுமா? அந்த உடல் யாருடையது என்றே சொல்ல முடியாதாம்! விரலில் இருந்த, அவன் அப்பாவின் எழுத்துப் பொறித்த மோதிரமும் எடுபடவில்லை, பெற்றவள் சாட்சியும் எடுபடவில்லை. ஜூரர்களாக உட்கார்ந்த 12 வெள்ளை ஆண்கள், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் 67 நிமிடத்தில் விடுவித்தார்கள். நடுவில் சோடா குடிக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஒரு ஜூரர் சொன்னாராம். அடுத்த ஜனவரியில் அதே இருவரும் ஒரு பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் கொன்றோம் என்றார்கள்.

உடல் கிடைத்த ஆற்றங்கரையில் 2008-ல் வைத்த பலகையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். அடுத்து வைத்தவற்றைச் சுட்டுத் துளைத்தார்கள். 2019-ல் குண்டு துளைக்காத பலகையே வைக்க வேண்டியதாயிற்று.

அதனால் என் கோரிக்கை இதுதான். கொன்றவர்கள் பெயர், ஷெரிஃபின் சாட்சியம், அந்த 67 நிமிடம், எதையும் மழுப்பாதீர்கள். ஒரு சொல்லை மாற்றுவதென்றாலும் முதலில் அந்தக் குடும்பத்தையும் அந்த ஊர்க்காரர்களையும் கேளுங்கள். கேட்காமல் மாற்றினால், மாற்றச் சொன்ன அதிகாரியின் பெயரையும் பலகையின் அடியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜார்ஜியாவிலிருந்து ஓர் அம்மா