சங்கத் தலைவராகப் போகும் நண்பனுக்கு

திருப்பூர்,
நவம்பர் 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஊர்க் கடலை மிட்டாய் உற்பத்தியாளர்கள் உன்னைத் தங்கள் சங்கத்துக்குத் தலைவராக வரும்படி கேட்டிருக்கிறார்கள் என்ற செய்தி எனக்கு வியப்பளிக்கவில்லை. இத்தனை காலம் கேட்காமல் இருந்தார்களே என்பதுதான் வியப்பு. ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், "தொழில் நடத்தத் தெரிந்தவன் ஆட்களை நடத்தத் தெரிந்தவன் ஆகிவிடுவானா, நான் எப்படிப்பட்டவன் என்று எனக்கே எப்படித் தெரியும்?" என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு இரண்டு வரியில் பதில் எழுதி வாழ்த்துச் சொல்லி முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு தாமதம்.

முதலில் எங்கள் ஊர் நிலவரம். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி விதித்துவிட்டதை நீ செய்தித்தாளில் படித்திருப்பாய். திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குத்தான் போகிறது. நான் நேரடியாக ஏற்றுமதி செய்கிறவன் அல்லன், ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்கில் தைத்துக் கொடுக்கிறவன்; இருந்தாலும் மேலே ஆர்டர் நின்றால் கீழே என் பவர் டேபிள் தையல் மெஷின்களும் நிற்கும். அந்த நேரத்தில் எனக்கு வேலை பிடித்துக் கொடுத்தவர் யார் என்று நினைக்கிறாய்? சொந்தக்காரர்களும் அல்லர், என்னைப் போலவே தையல் யூனிட் வைத்திருக்கும் கூட்டாளிகளும் அல்லர். அவர்களும் என்னைப் போலவே கையைப் பிசைந்துகொண்டுதான் இருந்தார்கள். காலைக் கூட்டத்தில் எப்போதாவது நான்கு வார்த்தை பேசியிருக்கும் ஒரு அட்டைப்பெட்டி வியாபாரிதான், ஐரோப்பிய ஆர்டர் எடுத்திருக்கும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பெட்டிக்குக் கணக்குப் பேசப் போன இடத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார்.

இது தற்செயல் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதைப் பற்றி 1973இலேயே எழுதியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. பாஸ்டன் நகரத்தை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, ஆறில் ஒருவருக்குத்தான் அந்தத் தகவல் அடிக்கடி சந்திக்கும் ஆளிடமிருந்து வந்திருந்தது. மற்ற எல்லாருக்கும் எப்போதாவது பார்க்கிற, அல்லது அரிதாகவே பார்க்கிற ஒருவர் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்தே இருக்கும். சற்றுத் தள்ளி நிற்பவர்தான் நாம் பார்க்காத தெருவைப் பார்க்கிறார். வேலைக்கும் ஆர்டருக்கும் பொருந்துகிற இந்த விதி, நம்மைப் பற்றி நாம் அறிந்துகொள்வதற்கும் அப்படியே பொருந்துகிறது என்பதுதான் நான் உனக்கு எழுத நினைத்தது.

காலைக் கூட்டம் என்றேன் அல்லவா, அதை விளக்க வேண்டும். வாரம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஒரு ஹோட்டல் கூடத்தில் உள்ளூர் வியாபாரிகள் கூடி, ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களைச் சொல்லிவிடும் ஏற்பாடு இது. ஒரு தொழிலுக்கு ஒருவரைத்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்பது இதன் முதல் விதி. இந்த விதி புதியதல்ல. 1905 பிப்ரவரியில் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரியையும் ஒரு சுரங்கப் பொறியாளரையும் ஒரு தையற்கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டு ரோட்டரி சங்கத்தைத் தொடங்கியபோதே தொழிலுக்கு ஒருவர் என்றுதான் வைத்தார். தொடக்கத்தில் அவர்கள் கூடியதில் நட்போடு வியாபாரமும் கலந்தே இருந்தது, பொதுத்தொண்டு பின்னால் வந்தது. 1985இல் ஐவன் மைஸ்னர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பி.என்.ஐ. என்ற வியாபாரிகள் அமைப்பு அதே விதியை வாராந்தரக் காலைக் கூட்டமாக உலகெங்கும் பரப்பியது. நான் இருப்பது அதன் கிளை அன்று. அந்த வடிவத்தைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் தாமே நடத்திக்கொள்ளும் சிறிய குழு. காலை ஏழு மணி என்று வைத்துவிட்டதால், வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டிய பெண் தொழில்முனைவோர் பெரும்பாலும் வருவதில்லை. நேரத்தை மாற்றலாம் என்று பேச்செடுத்தால், வந்திருக்கும் ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில் இதுதான் வசதி என்கிறார்கள். யாருக்கு வசதி என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

தொழிலுக்கு ஒருவர் என்ற விதியால் விளையும் நன்மை ஆர்டர் மட்டும் அன்று. அந்த அறையில் போட்டியாளர் யாரும் இல்லை. என்னிடம் கூலி வாங்குகிறவரும் இல்லை, எனக்குக் கூலி கொடுக்கிறவரும் அநேகமாக இல்லை. ஆகவே என்னைப் பற்றி உண்மையைச் சொல்வதால் நட்டப்பட வேண்டியவர் அங்கே குறைவு. என் யூனிட்டில் இருக்கும் சூப்பர்வைசரிடம் நான் கத்துகிறேனா என்று கேட்டால், "அதெல்லாம் இல்லீங்க" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, தீபாவளி போனஸை நினைத்துக்கொண்டு பேசுகிறார். தலைவன் உயர உயர அவன் காதுக்கு வரும் சொற்கள் எல்லாம் வடிகட்டித்தான் வருகின்றன.

ஆனால் இந்தக் குழுக்களும் தாமாக இதைச் செய்துவிடுவதில்லை. பெரும்பாலான கூட்டங்களில் நடப்பது நன்றி நவிலலும் கைதட்டலும்தான். இவர் எனக்கு இவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று ஒருவர் சொல்ல, அவர் எழுந்து வணங்க, அடுத்த வாரம் முறை மாறும். ஒருவரையொருவர் புகழ்வதையே நிகழ்ச்சி நிரலாக வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து எழுந்தால், நாம் ஊருக்கே பெரிய மனிதர் என்ற எண்ணம்தான் வளரும். எங்களிடம் பயிற்சி கொடுக்க வந்த ஒருவர், ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரு உளவியலாளர்கள் 1955இல் வகுத்த ஜோஹாரி சாளரத்தைப் பலகையில் வரைந்து காட்டினார். நான்கு கட்டங்கள். அவற்றில் ஒன்று, பிறருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத நம்முடைய பகுதி. அந்தக் கட்டம் சுருங்க வேண்டுமானால் நாம் கேட்க வேண்டும், அவர்கள் சொல்ல வேண்டும். தனியாக உட்கார்ந்து யோசித்துப் பயனில்லை என்றார். எல்லாரும் தலையாட்டினோம், சிற்றுண்டி சாப்பிட்டோம், கலைந்தோம்.

அந்த வகுப்பைவிட ஆழமாக என் மனத்தில் நின்றது வேறொன்று. எங்கள் குழுவில் ஒரு நிட்டிங் முதலாளி இருக்கிறார், பெயர் வேண்டாம். நல்ல ஆட்கள் தன்னிடம் நிலைப்பதில்லை, வளர்த்துவிட்டால் பறந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் புலம்பல். உறுப்பினர்கள் ஒருவர் தொழிற்சாலைக்கு ஒருவர் போய்ப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. அப்படி ஒரு தணிக்கையாளர் அங்கே போய் ஒரு முற்பகல் முழுவதும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மேலாளரைப் பார்த்து யார் எந்தக் கேள்வி கேட்டாலும் முதலாளியே குறுக்கிட்டுப் பதில் சொன்னார். நூல் எப்போது வரும் என்பதிலிருந்து மெஷினுக்கு எந்த ஊசி போடுவது என்பது வரை. தணிக்கையாளர் விடைபெறும்போது, "உங்கள் ஆட்களுக்கு இங்கே வாய்க்கு வேலையே இல்லையே, பின் ஏன் இருப்பார்கள்?" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நிட்டிங் முதலாளிக்குக் கடுங்கோபம். சில வாரம் கூட்டத்துக்கே வரவில்லை. பிறகு வந்தார். அவர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் இன்றும் பாதி நேரம் அவரே பேசுகிறார். மீதிப் பாதியில் நிறுத்திக்கொண்டு மேலாளரின் முகத்தைப் பார்க்கிறார். அந்தப் பாதி அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைத்தான் நான் யோசிக்கிறேன்: கூலியும் இல்லாத, போட்டியும் இல்லாத, வேறு தொழில்காரர் ஒருவரிடமிருந்து.

இப்போது உன் சங்கத்தை எண்ணிப் பார். அதில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே பண்டம் செய்கிறவர்கள். ஒரே சந்தையில் வேர்க்கடலை வாங்கி, ஒரே வகை வெல்லத்தைக் காய்ச்சி, ஒரே கடைகளுக்குப் போடுகிறவர்கள். 2020இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு உங்களை எல்லாம் ஒரே பெயர் கட்டிப்போட்டும் இருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பாற்ற உங்களுக்குச் சங்கம் கட்டாயம் வேண்டும். ஆனால் அங்கே உன்னைப் பாராட்டுகிறவனுக்கும் ஒரு கணக்கு இருக்கும், குறை சொல்கிறவனுக்கும் ஒரு கணக்கு இருக்கும். இரண்டையும் வைத்து உன்னை நீ எடைபோட முடியாது.

ஒரே தொழில்காரர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூரைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒற்றுமையில் எங்கள் ஊர்ச் சங்கங்களை யாரும் குறை சொல்ல முடியாது. குடிநீர்த் திட்டம், சாலை, வரிச்சலுகை என்று எதற்கும் ஒன்றாக நின்று வாதாடிப் பெற்றவர்கள் நாங்கள். ஆனால் சாயக் கழிவு நொய்யலில் கலந்து, 1992இல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தேக்கமாகி, அணையைத் திறக்க வேண்டாம் என்று ஆயக்கட்டு உழவர்களே கேட்கும் நிலை வந்தபோதும், ஊருக்குள் நாங்கள் பேசிக்கொண்டது அந்நியச் செலாவணியைப் பற்றித்தான். உழவர்கள் சொன்னார்கள், கேட்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார்கள், அவகாசம் கேட்டோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் விழித்தது. அந்த மாதங்களில் வேலையிழந்து பெட்டியும் படுக்கையுமாய் பேருந்து நிலையத்தில் நின்றவர்களை மறக்க முடியாது. இன்று கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தை நாங்கள் பெருமையாக வெளிநாட்டு வாங்குநர்களுக்குக் காட்டுகிறோம். காட்டட்டும், தவறில்லை. ஆனால் அது எங்களுக்குள்ளிருந்து தோன்றிய அறிவு அன்று. கீழ்மடை உழவர் இடித்துச் சொல்லியும் கேளாமல், கடைசியில் நீதிமன்றத்தின் வாயால் கேட்டது. இதைச் சங்கக் கூட்டங்களில் சொன்னால் இன்றும் சிலருக்கு முகம் சுளிக்கும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ எப்படிப்பட்டவன் என்று கேட்டாய். உன்னிடம் கடலை வாங்குகிறவனும் அல்லன், விற்கிறவனும் அல்லன் என்பதால் சொல்கிறேன். உனக்கு யாருடைய மனத்தையும் நோகடிக்க வராது. கல்லூரி விடுதியில் உணவுக் குழுச் செயலாளராக நீ இருந்தபோது, கட்டணத்தை ஏற்றச் சொன்னவர்களும் ஏற்றக் கூடாது என்றவர்களும் உன் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள். இரு தரப்பும் நீ தங்கள் பக்கம் என்று நம்பியிருக்கும். நீ யாரையும் ஏமாற்றவில்லை, உண்மையில் இருவரையும் புரிந்துகொண்டாய். ஆனால் புரிந்துகொண்டதை ஒப்புக்கொண்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், நீயும் மறுத்துச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் கணக்கு வந்தபோது இரு தரப்பும் உன்மேல் கோபித்தது. நீ அதை நன்றிகெட்டதனம் என்று அன்றைக்கு வருந்தினாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போது உன் கடிதத்தில், வெல்லத்தின் விலை ஏறியபோது மிட்டாய் விலையை ஏற்றுவதாகப் பேசி முடித்தும் சிலர் பழைய விலைக்கே போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பேச்சை முன்னின்று நடத்தியவன் நீ. அவர்கள் சம்மதித்தார்களா, அல்லது நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாயா என்று அவர்களில் ஒருவரையாவது தனியே கேட்டுப் பார்.

இந்தக் குணமே உன்னைத் தலைவராகக் கேட்கவும் காரணம் என்பதையும் மறுக்கவில்லை. கறாரான ஆள் ஒருவரை அவர்கள் தேடியிருந்தால் வேறு வாசலைத் தட்டியிருப்பார்கள். ஆகவே அதை மாற்றிக்கொள் என்று நான் சொல்லவில்லை. அது எந்த நேரத்தில் உன்னை அறியாமல் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள் என்கிறேன். அதற்கு உனக்குச் சங்கத்துக்கு வெளியே இரண்டு பேர் வேண்டும். தீப்பெட்டித் தொழில்காரராக இருக்கலாம், லாரி புக்கிங் நடத்துகிறவராக இருக்கலாம், ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணியாக இருக்கலாம். உனக்குக் கடன்படாதவர்களாகவும் உன்னிடம் எதிர்பார்ப்பு இல்லாதவர்களாகவும் இருந்தால் போதும். நெருங்கிய நண்பர்களாக இருக்க வேண்டியதில்லை, இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. அவர்களிடம் "நான் எப்படி?" என்று கேட்காதே, அப்படிக் கேட்டால் யாரும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். உன் கூட்டம் ஒன்றில் பின்வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டு, எந்த இடத்தில் நான் பேசியதும் மற்றவர்கள் பேச்சு நின்றது, யார் ஒப்புக்கொள்ளாமலே தலையாட்டினார்கள் என்று கேள். சொல்லும்போது குறுக்கே விளக்கம் சொல்லாதே. உனக்கு அதுதான் கடினம்.

பொதுக்குழு தை மாதம் கூடும் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் அந்த இரண்டு பேர் யார் என்று முடிவு செய்து எனக்கு எழுது. ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதை அதன் பிறகு பேசுவோம். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் நண்பன்