கழிவுநீரில் மருந்தை அளப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்டிபயாடிக் மருந்துகள் பலனிழந்து வருவது பற்றிய உங்கள் கட்டுரை, டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை வாங்குபவர்களையும் ஐந்து நாள் மருந்தை இரண்டு நாளில் நிறுத்துபவர்களையும் கண்டித்திருந்தது. கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மாத்திரை தயாராகும் ஆலையின் கழிவுநீர்க் குழாய்ப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலேயே காலம் தள்ளிய வேதியியலன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஹைதராபாத்தை அடுத்த பட்டான்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீர் ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த யோவாகிம் லார்சன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்துவிட்டு எங்கள் வட்டாரத்தில் பலர் நம்ப மறுத்தார்கள். சுத்திகரித்து வெளியே விட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்! மாத்திரை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. நாளொன்றுக்குச் சுமார் 45 கிலோ மருந்து ஓடையில் கலந்தது. ஸ்வீடன் நாடே ஐந்து நாளில் உட்கொள்ளும் அளவு அது. ஓடை மஞ்சீரா ஆற்றில் சேர்கிறது, மஞ்சீரா கோதாவரியில்.

மருந்து மட்டும் வெளியேறியிருந்தால் ஒரு கவலையோடு போயிருக்கும். சிக்கல் சுத்திகரிப்பு முறையிலேயே இருக்கிறது. கழிவைத் தின்பது பாக்டீரியா. அதை வளர்க்கத்தான் தொட்டியில் இரவு பகலாகக் காற்றைச் செலுத்துகிறோம். புதுத் தொட்டியைத் தொடங்கும்போது சாணத்தைக் கரைத்து ஊற்றுவோம், வெல்லமும் போடுவோம். வீரியமான கழிவு ஒன்று வந்து பாக்டீரியா செத்துப்போனால், தொட்டி நீரை அளவுக் குடுவையில் அரைமணி நேரம் வைத்தும் பாக்டீரியாக் கசடு அடியில் படியாது, மேல்நீர் கலங்கியே நிற்கும், மறுபடி சாணம். பட்டான்சேருவில் வீட்டுச் சாக்கடை நீரையும் கலந்தார்கள். ஆக, மனிதக் குடலிலும் மாட்டுக் குடலிலும் வாழ்ந்த கிருமிகளைக் கொண்டுவந்து ஆன்டிபயாடிக் கலந்த நீரில் நாமே வளர்க்கிறோம். தாக்குப்பிடிப்பவை பெருகுகின்றன. மருந்தை எதிர்க்க உதவும் அவற்றின் எதிர்ப்பு மரபணு பல நேரம் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது; அது பெற்ற பிள்ளைக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் எழுதிவைக்கக்கூடிய சொத்து. அத்தகைய நிலையம் ஒன்றில் எடுத்த 93 பாக்டீரியாக்களை 39 மருந்துகளைக் கொண்டு சோதித்தபோது, 86 சதவீதம் 20 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளுக்கு மசியவில்லை என்று 2013-இல் வெளியான ஆய்வு சொன்னது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் மாதிரி எடுக்க வருவார்கள். கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று காட்டும் பி.ஓ.டி., சி.ஓ.டி. அளவுகளையும் அமிலத்தன்மையையும் பார்ப்பார்கள். எல்லாம் வரம்புக்குள் இருந்தால் கையெழுத்து. அதே நீரில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை, ஏனென்றால் அதற்கு வரம்பே இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு வரம்பு இருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த அட்டவணையைக் காணோம். உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

செலவைக் காட்டி ஆலைகள் தட்டிக்கழிப்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. எல்லாக் கழிவையும் ஒரே தொட்டியில் கொட்டிய பிறகு பிரிப்பதுதான் செலவு. மருந்து தயாராகும் பிரிவின் அடர்கழிவைத் தனியே பிடித்து, பாக்டீரியாத் தொட்டிக்குப் போவதற்கு முன்பே மருந்தைச் சிதைத்தால் நீரின் அளவு குறைவு, செலவும் குறைவு. பென்சிலின் வகை காரத்திலும் சூட்டிலும் உடைந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் அப்படி எளிதில் வழிக்கு வராது. அதற்கு ஓசோனோ கரித்தூளோ வேண்டும்.

மத்திய அரசின் அளவைவிடக் கடுமையான வரம்பை மாநில வாரியம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. தமிழக வாரியம் ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையிலிருந்தே தொடங்கலாம். மாதிரி எடுப்பவர்கள் வெளியேறும் நீரோடு நின்றுவிடாமல், கசடிலும் ஒரு குடுவை எடுக்கட்டும். லாரியில் ஏறி வெளியே போகும் அந்தக் கசடிலும் எதிர்ப்பு மரபணுக்கள் ஏராளமாகத் தங்கியிருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியலர்,
தாம்பரம்