ஆண்டறிக்கை: இரண்டாம் எண் அலமாரியோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும் ரசிகர் வட்ட உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் எடுத்த முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். பாக், விவால்டி, ஹாண்டல் என்ற ஐரோப்பிய இசை மேதைகள் மூவருக்கும் ஒரு வருடம் ஓய்வு கொடுத்துவிட்டு, அவர்கள் காலத்தில் எழுதப்பட்டு அப்புறம் கேட்பாரற்றுக் கிடந்த பரோக் இசையை (சுமார் 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசையை) மட்டும் மாதக் கூட்டங்களில் கேட்பது என்று தீர்மானித்தோம். "தெரிந்ததையே இன்னும் கேட்டு முடிக்கவில்லை, தெரியாததற்கு என்ன அவசரம்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் அன்றைக்குக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாக் கூட்டங்களுக்கும் முதல் ஆளாக வந்தவரும் அவரே என்பதைப் பதிவு செய்ய வேண்டியது என் கடமை.

யாரிடமிருந்து தொடங்குவது என்பதில் செயற்குழுவில் விவாதமே இல்லை. பழைய ஏடுகளைத் தேடி வாசித்த, ஜெர்மனியில் கொலோன் நகரத்து 'மூசிக்கா ஆன்டிக்வா' குழுவைத்தான் எடுத்துக்கொண்டோம். இசைக் கல்லூரி மாணவராக இருந்த வயலின் கலைஞர் ரைன்ஹார்ட் கோபெல், கூடப் படித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு 1973-இல் தொடங்கிய குழு. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நடந்தது. குடல் நரம்பு கட்டிய வயலின்கள், பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டு, பயமுறுத்தும் வேகம். அந்த வேகம் நம்மில் சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் சில இடங்களில் மூச்சு வாங்கியது. ஆனால் தூசி படிந்த ஏடுகளைப் பயபக்தியோடு மெதுவாக வாசித்திருந்தால் நாம் இரண்டாவது மாதமே பாக்கிடம் திரும்பியிருப்போம். 1990 வாக்கில் கோபெலின் இடது கை விரல்கள் சொன்னபடி கேட்காமல் போயின. அவர் வில்லை இடது கைக்கும் வயலினை வலது கைக்கும் மாற்றி, அடிப்படையிலிருந்து பழகி மேடைக்குத் திரும்பினார்.

அடுத்த சில மாதங்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து அரசவையில் கழிந்தன. அங்கே வாத்தியக் குழுவை நடத்திய பிசென்டல், வெனிஸுக்குப் போய் விவால்டியிடம் கற்றவர். 1755-இல் அவர் காலமானார். அவர் சேர்த்தவையும் அரசவைக் குழு வாசித்தவையுமான இசை ஏடுகள் பிற்பாடு ஓர் அலமாரிக்குள் போயின. ரசனை மாறிவிட்டதால் அதைத் திறக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. ஒவ்வொரு கட்டின் உறையிலும் 'அலமாரி எண் 2' என்று சீட்டு ஒட்டி, எந்தத் தட்டு, எந்த அடுக்கு என்றும் எழுதியிருக்கிறார்கள். இன்று அந்நகர நூலகம் அவற்றை இணையத்தில் யாரும் பார்க்கும்படி இலவசமாகப் போட்டிருக்கிறது. கூட்டத்தில் திரையிட்டுக் காட்டினோம். பல படைப்புகளுக்கு இருப்பது வாத்தியத்துக்கு ஒன்றாகத் தனித்தனித் தாள்கள். மீட்பது என்றால் என்ன வேலை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வில்லைத் தொடுவதற்கு முன்னால் அவற்றை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பிரதி எடுக்க வேண்டும்.

அந்த அலமாரியிலிருந்து நமக்குக் கிடைத்த பெரிய ஆள் இசையமைப்பாளர் ஹைனிஷென். வக்கீலாகத் தொழில் பார்த்துவிட்டு இசைக்கு வந்தவர், 1717-இல் அரசவை இசைத் தலைவரானார். கோபெல் குழு பதிவு செய்த அவருடைய டிரெஸ்டன் கன்செர்ட்டோக்களில் (தனி வாத்தியங்களும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளில்) கொம்பும் புல்லாங்குழலும் பேசிக்கொள்ளும் இடங்களை மறுபடி போடச் சொல்லிக் கேட்டீர்கள். அதே அவையில் கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம் வாசித்தவர், இன்றைய செக் நாட்டுப் பகுதியான போஹிமியாவைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஸெலெங்கா. ஹைனிஷென் நோயில் கிடந்தபோது தேவாலய இசைப் பொறுப்பைச் சுமந்தவர் இவர். 1729-இல் ஹைனிஷென் இறந்தபின் ஸெலெங்கா அந்தப் பதவிக்கு விண்ணப்பித்தார். அது ஹாஸெ என்ற இன்னொரு இசையமைப்பாளருக்குப் போனது. ஸெலெங்காவின் இசையை மீட்டதில், ஓபோ என்ற குழல் வாத்தியக் கலைஞர் ஹைன்ஸ் ஹாலிகருக்கும் பெரும் பங்கு உண்டு. அவருடைய சொனாட்டாக்களை (சில வாத்தியங்களுக்கு மட்டும் எழுதிய படைப்புகளை) கேட்டபின், பதவி கொடுக்காத மன்னர் மேல் நம் கூட்டத்தில் எழுந்த கோபம் கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான்.

இந்த ஆண்டின் சிறந்த மாலை எது என்று கேட்டால், வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான பீபருக்கு ஒதுக்கிய மாலை என்பேன். 1670-களில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் எழுதிய ஜெபமாலை சொனாட்டாக்கள் பதினைந்து, கடைசியில் தனி வயலினுக்கு ஒரு பசகாலியா (கீழே ஒரே ஸ்வர வரிசை திரும்பத் திரும்ப வர, மேலே இசை விரியும் வடிவம்). கையெழுத்துப் படி மியூனிக்கில் இருக்கிறது, 1905-இல்தான் அச்சேறியது. முதல் சொனாட்டாவையும் பசகாலியாவையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வயலினின் சுருதியை மாற்ற வேண்டும். பதினோராவது, உயிர்த்தெழுதலைப் பற்றியது. அதற்கு, மேல்ஸ்தாயித் தந்திகள் இரண்டையும் ஒரு ஸ்வரம் இறக்கி, நடுத் தந்திகள் இரண்டையும் பிரடை (சுருதி சேர்க்கும் முளை) பக்கமும், தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பின்னாலும் இடம் மாற்றிக் கட்ட வேண்டும். குதிரைக்குப் பின்னே பார்த்தால் ஒரு சிலுவை தெரியும்.

கர்நாடக வயலின் கற்றுக்கொடுக்கும் நம் உறுப்பினர் இதைச் செய்து காட்ட முன்வந்தார். மேல் தந்திகளை இறக்கி மீட்டியவர் சிரித்துவிட்டார். "இது நம்ம ச-ப-ச-ப தானே!" ஆமாம், கீழ்த்தந்தியை ஸட்ஜமாக வைத்தால் அதேதான். நடுத் தந்திகளைக் குறுக்கே கட்டியதும் அது ச-ச-ப-ப ஆனது. பக்கத்துப் பக்கத்துத் தந்திகளில் ஒரே ஸ்வரம் ஒரு ஸ்தாயி தள்ளி நிற்க, இரண்டு தந்திகளில் சேர்ந்து வில் போட்டபோது பெரிய குழுவே வாசிப்பதுபோல இருந்தது. ஒரு தந்தி அறுந்தது. செலவை வட்டம் ஏற்றது.

நிர்வாக விஷயங்கள் சுருக்கமாக. டிசம்பரில் கூட்டம் வைக்கவில்லை. சபாக்களோடு நாம் போட்டி போட முடியாது. மழைக்காலத்தில் அரங்கத்து ஸ்பீக்கர் இரைந்ததால் உறுப்பினர் ஒருவரின் வீட்டு ஸ்பீக்கரை வைத்துச் சமாளித்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டுக்கு வெனிஸின் பாடகியும் இசையமைப்பாளருமான பார்பரா ஸ்ட்ரோஸியைச் செயற்குழு முன்மொழிகிறது. எட்டுத் தொகுதிகளை வெளியிட்டவர். நான்காவது இன்றுவரை கிடைக்கவில்லை. எதிர்ப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வட்டத்திலிருந்து இரவல் வாங்கிப்போன குறுந்தகடுகளைத் தேர்தலுக்கு முன் திருப்பிக் கொடுத்துவிட்டால் புதிய செயலாளர் நிம்மதியாகப் பொறுப்பேற்பார். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்