கடன் விமர்சனத்தை எப்படி எடைபோடுவது?

ஆசிரியருக்கு,

தமிழக அரசின் நிதிநிலை பற்றி 2021 ஆகஸ்டில் தி.மு.க. அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் ரூ.2,63,976 அரசுக் கடன் இருப்பதாகச் சொல்லி, முந்தைய அ.தி.மு.க. ஆட்சியைக் குறை கூறியது. அப்புறம் அ.தி.மு.க.வும் அதே பாணியில் தி.மு.க.வைத் தாக்கியது. இரு தரப்பிலும் கேட்பவர்கள் கைதட்டினார்கள்.

கடன் தொகையை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது நியாயமான விமர்சனம் ஆகாது. பொருளாதாரம் வளர்ந்தால் கடனும் கூடத்தான் செய்யும். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் கடன் ரூ.9.29 லட்சம் கோடி. மாநில உற்பத்தி மதிப்பில் இது 26.07 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. முந்தைய ஆட்சியைக் குறை சொல்பவர்கள், 2020-இல் கொரோனாவால் வரி வருவாய் சரிந்ததையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

ஆளுங்கட்சியை நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதே பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை ரூ.41,635 கோடி. அதாவது சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறோம். இதை எப்போது, எப்படிக் குறைப்பீர்கள்? எந்தக் கட்சி ஆண்டாலும் இதைக் கேட்கலாம். தொலைக்காட்சி விவாதங்களில் நெறியாளர்கள், “உங்கள் ஆட்சியில் இது எவ்வளவு இருந்தது?” என்று விமர்சிப்பவரிடமும் கேட்க வேண்டும்.

– வாசகர், திருச்சி