ஆக்சலாட்டல் குஞ்சுகளைப் பெரிய தொட்டிக்கு மாற்ற அவசரம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆக்சலாட்டல் (நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை உயிரி) வளர்ப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில், பொரித்த குஞ்சுகளை எவ்வளவு சீக்கிரம் பெரிய தொட்டிக்கு மாற்றுகிறோமோ அவ்வளவு நன்றாக வளரும் என்று எழுதப்பட்டிருந்தது. நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்ட யோசனைதான். ஆனால் அதை அப்படியே பின்பற்றினால் குஞ்சுகளில் பெரும்பகுதி பட்டினியால் மடிந்துவிடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொரித்த ஓரிரு நாட்கள் வயிற்றில் எஞ்சியிருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டு காலம் தள்ளும் குஞ்சு, அதன்பின் தன் முகத்துக்கு எதிரே அசைவதை மட்டுமே இரையாக அறிந்து கவ்வுகிறது. இரையைத் தேடி வெகுதூரம் போகும் வழக்கம் அதற்கு இல்லை. 150 லிட்டர் தொட்டியில் விடப்படும் ஆர்ட்டீமியா (குஞ்சுகளுக்கு இரையாகத் தரும் நுண்ணிய இறால் வகை) நாலாபுறமும் சிதறிப்போவதோடு, உப்புநீர் உயிரியாதலால் சில மணி நேரத்தில் செத்து அடியில் படிந்து அழுகி, தண்ணீரையும் கெடுத்துவிடுகிறது. ஆழம் குறைந்த சிறு டப்பாவிலோ இரை குஞ்சுகளின் வாயருகிலேயே இருக்கும். எந்தக் குஞ்சு தின்றது, எது தின்னவில்லை என்பதையும் அங்கே எளிதில் கண்டுகொள்ளலாம்; கண்ணாடி போன்ற அந்த உடலுக்குள், தின்ற ஆர்ட்டீமியா ஆரஞ்சு நிறப் பொட்டாகத் துலங்கும். பொட்டுத் தெரியாத குஞ்சைத் தனியே பிரித்து ஊட்டிக் காப்பாற்றிவிட முடியும். இந்தக் கவனிப்பு பெரிய தொட்டியில் சாத்தியமே இல்லை.

சிறு டப்பாவில் வளர்ப்பதற்கு உழைப்பு அதிகம் என்பதை மறுக்கவில்லை. குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரை நாள்தோறும் மாற்றியாக வேண்டும். முன்னங்கால்கள் முளைத்தபின் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்குவதால், அளவு வாரியாகப் பிரித்துவைக்கவும் வேண்டும். கடிபட்ட கால் மீண்டும் முளைத்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் அதைச் சாக்காக வைத்து நெருக்கி வளர்ப்பது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அந்தக் காயத்தில் பூஞ்சை பிடித்தால் குஞ்சு பிழைப்பது அரிது.

அப்படியானால் எப்போது மாற்றலாம்? நான்கு கால்களும் வளர்ந்து, நீளம் சுமார் 5 முதல் 7 சென்டிமீட்டரை எட்டி, நறுக்கிய மண்புழு போன்ற அசையாத உணவையும் மறுக்காமல் உண்ணும் நிலையே ஏற்றது என்பது என் கருத்து. அதற்குள் பெரிய தொட்டியும் பக்குவப்பட்டிருக்க வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 8 வாரங்கள் ஆகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூச்சியம் காட்டாத தொட்டியில் குஞ்சுகளை விடுவது, அவற்றின் செவுள்களை நஞ்சில் நனைப்பதற்குச் சமம். ஆகவே முட்டைகள் கையில் கிடைத்தவுடனேயே தொட்டியைத் தயார் செய்யத் தொடங்குவது நல்லது.

தண்ணீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். 24 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நீரோட்டம் வேகமாக இருந்தால் செவுள்கள் முன்நோக்கி வளைந்துகொள்வதைக் காணலாம், ஆதலால் ஸ்பாஞ்ச் ஃபில்டரே பொருத்தமானது. இரையோடு சேர்த்துக் கூழாங்கல்லையும் விழுங்கிக் குடல் அடைபடும் என்பதால் தொட்டியின் அடிப்பரப்பை வெறுமையாகவே விடலாம். மாற்றும்போது வலையால் பிடிக்காமல், தண்ணீரோடு சேர்த்து ஒரு கோப்பையில் முகந்தெடுக்க வேண்டும். வலைக்கண்ணில் செவுள் இழைகளும் விரல்களும் சிக்கிக்கொள்ளும்.

அக்கட்டுரையை நம்பிக் குஞ்சுகளை இப்போதே பெரிய தொட்டியில் விட்டிருக்கும் வாசகர்கள், அவற்றைச் சிறு டப்பாவுக்குத் திரும்ப மாற்றினால் இன்னும் காப்பாற்றலாம். அவர்கள் கண்ணில் படும்படி இக்கடிதத்தை விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்